யார் பெயரில் பட்டா? சானியா மிர்சாவின் இருபது ஆண்டுகள்

(எட்டயபுரத்தில் வாசகர்களும் ஆசிரியர்களும் விளையாட்டு மாணவியரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, தீப்பெட்டி ஆபீஸில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கோவில்பட்டியிலிருந்து ஹாக்கி மட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

எட்டயபுரத்துக்குப் பேச வருகிறவர்கள் பாரதியைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் ஒரு டென்னிஸ் வீராங்கனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு இந்த ஊரே இடம் கொடுக்கிறது. 1905-இல் சென்னையில் பெண்களுக்கென்று ‘சக்ரவர்த்தினி’ மாத இதழ் தொடங்கியபோது, அதன் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் இங்கே பிறந்த சுப்பிரமணிய பாரதி. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இதே ஊரில்தான். கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்ட அந்த இஸ்லாமிய மாணவர், ஆசிரியருக்குப் பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்தில் அவைப்புலவராக அமர்ந்தார் என்பது இந்த ஊர் சொல்லும் வரலாறு. பாட்டு நன்றாக இருந்தது, அவையில் இடம் கிடைத்தது. திறமையை அதன் அளவில் மதிக்கத் தெரிந்திருந்த ஊர் இது.

ஐதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சா ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தொழில்முறை டென்னிஸ் ஆடினார். அந்த இருபது ஆண்டுகளில் நாடு அவரிடம் கேட்காத கேள்வி இல்லை. பாவாடை ஏன் இவ்வளவு குட்டை, கால் ஏன் கொடிப் பக்கம் இருந்தது, மாப்பிள்ளை ஏன் அந்த நாட்டுக்காரர், குழந்தை எப்போது. இந்தப் பட்டியலில் டென்னிஸ் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

நம் கரிசல் காட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பட்டா உண்டு. அது யார் பெயரில் என்பதும் பதிவில் இருக்கும். ஜெயித்த பெண்ணுக்கு மட்டும் ஆளாளுக்கு ஒரு பட்டா எழுதிக்கொள்கிறார்கள். மதத்தார் பெயரில் ஒன்று, தேசத்தார் பெயரில் ஒன்று, விளையாட்டுச் சங்கத்தார் பெயரில் ஒன்று. சானியாவைச் சுற்றி எழுந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டாத் தகராறுகள்தான். நான் சொல்ல வந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் வெற்றியைப் பார்த்து நாம் பெருமைப்படலாம். அந்தப் பெருமை அவள்மேல் உரிமையாக மாறுகிற இடத்தில் நாம் நின்றுவிட வேண்டும்.

முதலில் அவருடைய ஆட்டத்தைப் பார்ப்போம். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

சானியா 1986 நவம்பர் 15 அன்று மும்பையில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஐதராபாத்துக்கு வந்துவிட்டது. ஆறு வயதில் ராக்கெட் பிடித்தார். தந்தை இம்ரான் மிர்சாவே பயிற்சியாளர். அன்று இந்தியப் பெண் ஒருவர் டென்னிஸை நம்பிப் பிழைக்கலாம் என்று சொல்ல நாட்டில் சான்றுகள் மிகக் குறைவு. நம் கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையரில் ஒரு சுற்று வென்றார். கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் ஒற்றையர் வெற்றி அதுதான். ஒரு சுற்று வெற்றியே சரித்திரமாக இருந்த காலம் அது.

2002 பூசான் ஆசிய விளையாட்டில் லியாண்டர் பயஸோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் சானியா வெண்கலம் வாங்கியபோது அவருக்கு வயது 15. 2003-இல் ரஷ்யாவின் அலிசா கிளேபனோவாவோடு விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றார். 2005 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்றாம் சுற்று வரை போனார். அங்கே செரினா வில்லியம்ஸிடம் தோற்றார். ஆனால் இரண்டாவது செட்டில் 6-4 வரை இழுத்தார். அடுத்த மாதமே சொந்த ஊரான ஐதராபாத்தில் உக்ரைனின் அல்யோனா பொன்டரென்கோவைத் தோற்கடித்து, மகளிர் டென்னிஸ் சங்கத்தின் (டபிள்யூடிஏ) ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். துபாயில் அப்போதைய அமெரிக்க ஓப்பன் சாம்பியன் ஸ்வெத்லானா குஸ்நெட்சோவாவை நேர்செட்களில் வீழ்த்தினார். செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனின் நான்காம் சுற்றில் ரஷ்யாவின் ஷரபோவாவை எதிர்த்து நின்றார். தரவரிசையில் 200-க்கும் பின்னால் ஆண்டைத் தொடங்கியவர், முதல் 35 பேருக்குள் வந்து முடித்தார். 2007 ஆகஸ்டில் 27-ஆம் இடம். ஒற்றையரில் அந்த உயரத்தை வேறெந்த இந்தியப் பெண்ணும் இதுவரை தொடவில்லை.

அவருடைய ஆயுதம் ஃபோர்ஹேண்ட். மணிக்கட்டைச் சுழற்றி அவர் அடித்த பந்தின் வேகத்துக்கு உலகத்தின் முன்னணி வீராங்கனைகளே தடுமாறினார்கள். சர்வீஸ் அவ்வளவு பலமில்லை, இரண்டாவது சர்வீஸ் இன்னும் பலவீனம், ஓட்டத்திலும் குறை உண்டு. இவையெல்லாம் பேச வேண்டிய விமர்சனங்கள். டென்னிஸ் தெரிந்தவர்கள் பேசவும் செய்தார்கள். ஆனால் ஊர் பேசியது வேறு.

அவர் புகழின் உச்சியில் ஏறிய அதே 2005 செப்டம்பரில் மதகுரு ஒருவர் அவருடைய ஆடையைக் கண்டித்து ஃபத்வா கொடுத்தார். கொல்கத்தாவில் நடந்த போட்டியில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பந்தடிக்கப் போலீஸ் பந்தோபஸ்து போட வேண்டியதாயிற்று. டென்னிஸில் பெண்கள் எல்லோரும் உடுத்துகிற ஆடை அது. மற்ற பெண்கள் உடுத்தினால் விளையாட்டு உடை, இவர் உடுத்தினால் மார்க்கத்துக்கு இழுக்கு. என் ஆட்டத்தைப் பாருங்கள், உடையை விடுங்கள் என்ற பொருளில்தான் அவர் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் இன்னொன்று நடந்தது. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. செப்டம்பரில் நடிகை குஷ்பூ, இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக நம் மாநிலமே கொந்தளித்தது. துடைப்பத்தையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அவர்மேல் இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள் பல ஊர் நீதிமன்றங்களில் குவிந்தன. சில வாரங்கள் கழித்து டெல்லியில் ஒரு மாநாட்டு மேடையில் பாதுகாப்பான உறவு பற்றிச் சானியாவிடம் கேட்டார்கள். பாதுகாப்பு முக்கியம் என்ற அளவில் அவர் சொன்ன பதில், குஷ்பூவுக்கு ஆதரவு என்று செய்தியாகப் பரவியது. ஐதராபாத்தில் அவருடைய கொடும்பாவி எரிந்தது. திருமணத்துக்கு முந்தைய உறவைத் தான் ஆதரிக்கவில்லை, தன் மார்க்கத்தில் அது பெரும் பாவம் என்று அவர் அறிக்கை விட வேண்டிவந்தது. குஷ்பூ மீதான எல்லா வழக்குகளையும் 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் தெளிவாகப் பேசிவிட்டது. அதற்கு ஐந்தாண்டு ஆயிற்று. அந்த ஐந்தாண்டில் இரண்டு பெண்களும் அடைந்த அலைச்சலுக்கு எந்த நீதிமன்றமும் ஈடு தரவில்லை.

பாரதி பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய ஆண்டிலிருந்து சரியாக நூறாண்டு கழித்து நடந்தவை இவை. இந்த மண்ணில் நின்று அதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது.

அவர் யாரோடு ஆடலாம் என்பதையும் தீர்மானிக்கப் பார்த்தார்கள். 2005-இல் இஸ்ரேலின் ஷஹர் பியரோடு ஜப்பானில் இரட்டையர் ஆடினார். எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டு பெங்களூரில் அந்த ஜோடி களமிறங்கவில்லை. 2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள், பட்டம் வென்றார்கள். எதிர்ப்புக்கு அவர் எழுதிய பதில் அந்தக் கோப்பைதான்.

2008 ஜனவரியில் நடந்தது கொடுமையிலும் கொடுமை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஹாப்மன் கோப்பை. நாட்டுக்காக ஆடப் போனவர், தன் அணித்தோழர் ரோகன் போபண்ணா ஆடுவதைக் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புகைப்படம் வந்தது. அந்தக் கோணத்தில் பார்த்தால் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் தேசியக் கொடி தெரிந்தது. போபாலில் வழக்குப் போட்டார்கள். கொடியை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கொடியின் பெயரால் ஆடத்தான் அவர் அங்கே போயிருந்தார். விளையாட்டையே விட்டுவிடலாமா என்று அப்போது யோசித்ததாக அவரே சொன்னார். இந்தியாவில் ஆடும்போதெல்லாம் ஏதாவது பிரச்சினை வருகிறது என்று சொல்லி, அந்த ஆண்டு பெங்களூர் ஓப்பனுக்கே வராமல் ஒதுங்கினார். இந்திய வீராங்கனை ஒருவர் இந்திய மண்ணில் ஆடப் பயந்தார். இதைவிட நமக்கு வெட்கம் வேறென்ன வேண்டும்?

அதே ஆண்டு மணிக்கட்டும் கைவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தைக்கூட முடிக்க முடியவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. எந்த மணிக்கட்டு அவரை மேலே தூக்கியதோ, அதுவே ஒற்றையர் ஆட்டத்தை மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டது. பலர் இத்தோடு முடிந்தது என்றார்கள். 2009 ஜனவரியில் மகேஷ் பூபதியோடு ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்று, கிராண்ட்ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். சென்னையில் பிறந்த பூபதிக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

2010 ஏப்ரலில் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஷோயப் மாலிக்கைத் திருமணம் செய்துகொண்டார். சானியாவின் மனம் இந்திய மனமாக இருந்தால் பாகிஸ்தானியருக்காகத் துடித்திருக்காது என்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே எழுதினார். எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் இனிப் பாகிஸ்தானுக்கு ஆடுவார் என்று ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் பேசியவர்கள் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள்: பெண் தாலி கட்டியவன் பக்கம். இந்தியாவுக்குத்தான் ஆடுவேன் என்று சானியா சொன்னார். அந்த ஆண்டே டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக ஒற்றையர் வெள்ளி வாங்கினார். சென்னையைச் சேர்ந்த ருஷ்மி சக்ரவர்த்தியோடு இரட்டையர் வெண்கலமும் வாங்கினார்.

இனி 2012. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கே தகராறு செய்தது மதமும் இல்லை, தெருவில் கூடிய கூட்டமும் இல்லை. டென்னிஸை நடத்துகிற அகில இந்திய டென்னிஸ் சங்கமே.

லண்டன் ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்தது. லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி, ரோகன் போபண்ணா என்று மூன்று ஆண்கள். பயஸும் பூபதியும் 1999-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் இறுதிக்குப் போய் இரண்டை வென்ற ஜோடி. அப்புறம் பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். 2012-இல் பூபதியும் போபண்ணாவும் பயஸோடு ஆட முடியாது என்று மறுத்துவிட்டார்கள். தரவரிசையில் மிகப் பின்தங்கிய இளைய வீரரோடு ஆட வேண்டுமா என்று பயஸுக்கு மனக்குறை. சங்கம் இரண்டு ஜோடிகளை அனுப்பியது. பூபதியும் போபண்ணாவும் ஒன்று. பயஸும் விஷ்ணு வர்தனும் இன்னொன்று. பயஸைச் சமாதானம் செய்யக் கலப்பு இரட்டையரில் சானியாவை அவருக்குத் துணையாக அறிவித்தது. சானியா அவரோடு ஆடுவார் என்று எழுதித் தரவேண்டும் என்ற பேச்சும் பயஸ் தரப்பிலிருந்து வந்தது.

இத்தனைக்கும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் சானியாவும் பூபதியும் பிரெஞ்ச் ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்றிருந்தார்கள். வென்ற ஜோடியைப் பிரித்துவிட்டு, மூன்று ஆண்களின் பிணக்கைத் தீர்க்க அந்தப் பெண்ணைப் பயன்படுத்தினார்கள்.

ஜூன் 26 அன்று சானியா அறிக்கை வெளியிட்டார். இந்திய விளையாட்டு வரலாற்றில் ஒரு பெண் எழுதிய மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன். நாட்டுக்காக யாரோடும் ஆடத் தயார், பயஸோடும் தயார் என்றார். ஆனால் மனக்குறைப்பட்ட மூத்த ஆட்டக்காரர் ஒருவரைச் சமாதானப்படுத்த இருபத்தோராம் நூற்றாண்டு இந்தியப் பெண்ணான தன்னைத் தூண்டிலில் மாட்டும் இரையாக்கியது அவமானம் என்றும் சொன்னார். கடமையை ஏற்றுக்கொண்டார், அவமதிப்பை ஏற்க மறுத்தார். இந்த இரண்டையும் ஒரே அறிக்கையில் செய்ய எவ்வளவு தெளிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம்மில் பல பெண்கள் வேலை கெட்டுவிடும் என்று அவமதிப்பை விழுங்குகிறார்கள், அல்லது அவமதிப்பு தாங்காமல் வேலையை விடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று இருபத்தைந்து வயதில் அவர் காட்டினார்.

லண்டனில் பயஸோடு ஆடவும் செய்தார். முதல் சுற்றில் செர்பியாவின் இவானோவிச்–சிமோன்யிச் ஜோடியை வென்றார்கள். காலிறுதியில் பெலாரஸின் அசரென்கா–மிர்னி ஜோடியிடம் 5-7, 6-7 என்று நூலிழையில் தோற்றார்கள். அந்த ஜோடிதான் பிறகு தங்கம் வென்றது. ஆண்கள் இரட்டையரில் இரண்டு இந்திய ஜோடிகளும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. அந்தச் சண்டையால் யாருக்கும் லாபமில்லை.

2014 ஜூலையில் புதிதாகப் பிறந்த தெலங்கானா அரசு அவரை மாநிலத்தின் விளம்பரத் தூதராக நியமித்து ஒரு கோடி ரூபாய் காசோலை கொடுத்தது. பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினர் கே. லக்ஷ்மண், அவர் பாகிஸ்தானின் மருமகள், அந்தத் தகுதி அவருக்கு இல்லை என்றார். தன் குடும்பம் நூறாண்டுக்கும் மேலாக ஐதராபாத்தில் வாழ்கிறது, சாகும்வரை இந்தியராகவே இருப்பேன் என்று சானியா பதில் சொன்னார். தொலைக்காட்சிப் பேட்டியில் எத்தனை முறைதான் இதை நிரூபிப்பது என்று கேட்டு அழுதார். அழுகிற பெண்ணை நாடு பார்த்தது. இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையரைப் பிரேசிலின் புரூனோ சோரஸோடு வென்றார். அதே செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியோடு சேர்ந்து இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்.

இங்கே நான் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொதுவாழ்வில் இருப்பவரைக் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐதராபாத் மெக்கா மசூதியில் அனுமதியில்லாமல் விளம்பரப் படப்பிடிப்பு நடந்ததாக 2007 இறுதியில் புகார் எழுந்தது. அது கேட்க வேண்டிய கேள்வி. சானியா மன்னிப்புக் கேட்டார். வறட்சியிலும் கடனிலும் விவசாயிகள் தவிக்கும் மாநிலத்தில், வசதியான ஆட்டக்காரருக்கு ஏன் ஒரு கோடி என்று யாராவது கேட்டிருந்தால் அதுவும் நியாயமான கேள்வி. 2015-இல் அவருக்குக் கேல் ரத்னா விருது அறிவித்தபோது, பாராலிம்பிக்கில் வெள்ளி வென்ற மாற்றுத்திறனாளி உயரம் தாண்டும் வீரர் கிரிஷா, தன் பதக்கத்துக்கு ஏன் முன்னுரிமை இல்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் போனார். அவரும் ஒரு விளையாட்டு வீரர், அவருக்கும் கேட்கும் உரிமை உண்டு. இந்தக் கேள்விகளெல்லாம் ஒரு செயலைப் பற்றியவை. பதில் சொல்லலாம், வாதாடலாம், தீர்க்கலாம். நீ யாருடைய பெண், யாருடைய மனைவி, எந்த மார்க்கம் என்ற கேள்விகள் செயலைப் பற்றியவை அல்ல. அவற்றுக்கு எந்தப் பதில் சொன்னாலும் போதாது. அடுத்த முறை மறுபடி கேட்பார்கள். விமர்சனத்தையும் பட்டாத் தகராறையும் பிரித்தறிய இந்த ஒரு அளவுகோல் போதும் என்பது என் எண்ணம்.

2015-க்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ், ஒரு காலத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தவர். 2006-இல் சியோலில் சானியா அவரைத் தோற்கடித்திருக்கிறார். ஒன்பது ஆண்டு கழித்து இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். பின்கோட்டிலிருந்து சானியாவின் ஃபோர்ஹேண்ட் எதிரிகளைத் தள்ளிக்கொண்டு போகும். வலையருகே ஹிங்கிஸ் காத்திருந்து தட்டிவிடுவார். ஒருவர் குறையை மற்றவர் மூடினார். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளையும் வென்றார்கள். 2015 ஏப்ரல் 13 அன்று சானியா இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடம் பிடித்தார். அந்த இடத்தில் அமர்ந்த முதல் இந்தியப் பெண் அவர்.

அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதி. ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா எதிரே. முதல் செட் போயிற்று. இரண்டாவதை டைபிரேக்கில் பிடுங்கினார்கள். மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கினார்கள். அங்கிருந்து ஒவ்வொரு கேமாக எட்டிப் பிடித்து 5-5 ஆனபோது வெளிச்சம் குறைந்து மைதானத்தின் கூரையை மூடினார்கள். திரும்பி வந்து 7-5 என்று முடித்தார்கள். பிள்ளைகளே, இந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பத்தாண்டாக வெளியிலிருந்து வந்த வசவைத் தாங்கிப் பழகியவருக்குக் களத்தில் மூன்று கேம் பின்தங்கியிருப்பது பெரிதாகத் தோன்றவில்லை போலும். அதற்குப் பிறகு அமெரிக்க ஓப்பன், 2016 ஆஸ்திரேலிய ஓப்பன். தொடர்ச்சியாக 41 ஆட்டங்களில் அந்த ஜோடி தோற்கவில்லை. மொத்தம் 91 வாரங்கள் சானியா முதலிடத்தில் இருந்தார். ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், 43 இரட்டையர் பட்டங்கள்.

உலகின் முதலிடத்தில் இருந்த அந்தப் பெண்ணிடம் 2016-இல் ஒரு மூத்த பத்திரிகையாளர் கேட்டார்: தாய்மை, குடும்பம் என்று எப்போது நிலைபெறப் போகிறீர்கள் என்று. உலகின் முதலிடத்தில் இருப்பது நிலைபெறுவதாகாதா என்ற பொருளில் சானியா திருப்பிக் கேட்டார். அந்தப் பத்திரிகையாளர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார், இப்படி ஓர் ஆணிடம் கேட்டிருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். கேட்டவர் கெட்டவர் இல்லை. நம் வீடுகளில் பாசத்தோடு கேட்கிற கேள்விதான் அது. பாசத்தோடு எழுதிய பட்டாவும் பட்டாதான்.

2018 அக்டோபரில் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் ஹோபார்ட் போட்டிக்குத் திரும்பிவந்து, வந்த முதல் போட்டியிலேயே உக்ரைனின் நாடியா கிச்செனோக்கோடு பட்டம் வென்றார். 2023 ஜனவரியில் போபண்ணாவோடு ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் இறுதி வரை போய்த் தோற்றார். பதினான்கு வயதில் அவருக்கு முதல் கலப்பு இரட்டையர் ஜோடியும் இதே போபண்ணாதான். பிப்ரவரியில் துபாயோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து, அவரிடம் வசதி இருந்தது, தாங்கினார் என்று சொல்லலாம். உண்மை. உடன் பயணம் செய்யும் தாய், பயிற்சி தரும் தந்தை, சரளமான ஆங்கிலம், பத்திரிகையாளர் கூட்டம் நடத்தும் வலிமை எல்லாம் அவருக்கு இருந்தன. அவை இல்லாதவருக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. அங்கேதான் சானியாவும் பயஸும் கலப்பு இரட்டையரில் தங்கம் வாங்கினார்கள். அதே தோஹாவில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளி மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். ஒரு பாலினப் பரிசோதனையைச் சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றி உலகமே பேசியது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து அறிய வேண்டிய நிலையில் அவர் இருந்தார். தலைக்குமேல் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாடு ஒரே வாரத்தில் கைவிட்டது. பிறகு அவரே சூளையில் வேலை செய்ய வேண்டிவந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளராக அவர் அமர 2016 ஆகிவிட்டது. சானியாவுக்கு நடந்ததும் சாந்திக்கு நடந்ததும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஜெயிக்கும்போது நம் பெண். அடுத்த நொடி அவள் உடலும் உடையும் உறவும் ஊர்ச்சொத்து. சானியா தாங்கினார் என்பதால் அந்த வேரை மன்னித்துவிட முடியாது. தாங்க முடியாத சாந்திகள் நம்மிடையே அதிகம்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். கோவில்பட்டி ஹாக்கி ஊர். செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. அகில இந்தியப் போட்டி நடக்கிறது, இந்திய அணிக்கு ஆள் அனுப்பிய மண் இது. பெண் பிள்ளைகளும் மட்டை பிடித்திருக்கிறார்கள், எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரும்போது இவர்களில் எத்தனை பேர் மைதானத்தில் இருப்பார்கள்? அரைக்கால் சட்டை போடாதே என்று சித்தப்பா சொல்வார். கறுத்துப்போனாய், யார் கட்டுவார் என்று அத்தை சொல்வாள். வெளியூர்ப் போட்டிக்கு ராத்திரிப் பஸ்ஸில் போகிறாளாமே என்று தெரு சொல்லும். இவர்கள் யாரும் ஃபத்வா கொடுப்பவர்கள் இல்லை. பிள்ளைமேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் ஐதராபாத்தில் கொடும்பாவி எரித்தவர்களுக்கும் அக்கறை இருந்ததாகத்தான் அவர்கள் சொன்னார்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். தாய்மார்களே, உங்கள் மகள் விளையாட்டு உடையில் வாசலைத் தாண்டும்போது தெருவில் யாராவது பேசினால், பதில் சொல்லும் பாரத்தை அவள் தலையில் ஏற்றாதீர்கள். நீங்கள் சொல்லுங்கள். சானியா பதினெட்டு வயதில் தனியாக மைக் முன்னால் நின்று சொன்ன பதில்களை நம் பிள்ளைகள் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர்களே, பெண் பிள்ளைகளின் பயிற்சி நேரத்தையும் வெளியூர்ப் பயணத்தையும் பெண் பயிற்சியாளர் துணையோடு பள்ளியே பொறுப்பேற்று நடத்தட்டும். சங்கங்களும் தேர்வுக் குழுக்களும் எடுக்கும் முடிவுகளில் ஆடுகிற பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள். 2012-இல் டென்னிஸ் சங்கம் கேட்காததை இங்கே நீங்கள் கேட்கலாம்.

ஊர்ப் பெரியவர்களே, நம் பிள்ளை ஒருத்தி வென்றுவந்தால் மாலை போடுங்கள், மேளம் அடியுங்கள், பெயர்ப்பலகை வையுங்கள். நம்ம ஊர்ப் பொண்ணு என்று வாய் நிறையச் சொல்லுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். அவள் என்ன உடுத்துவாள், யாரை மணப்பாள், எப்போது பிள்ளை பெறுவாள் என்பது அவள் பெயரில் இருக்கட்டும்.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் ஆட்டத்தில் குறை சொல்கிறவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் உங்களுக்கு நல்லது செய்கிறார். நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்கிறவருக்குப் பயிற்சி நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஆறு மணிக்கு மைதானத்தில் விளக்குப் போடுவார்கள், போய் ஆடுங்கள்.